பட்டியலில் வந்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

டொங்காட் வாத்தியார்:
எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை என் தமிழ் வகுப்பில் ஒரு சின்னத் தகராறு. அங்கே முடியாததால் இங்கே கொண்டுவருகிறேன்.

பேச்சுப் போட்டிக்கு "நம் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் இருந்த ஒருவர்" என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். பாதிப் பிள்ளைகள் ஜெய் நாயுடுவை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பில்லி நாயர். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மட்டும் பிரெக்ஸ் கோவெண்டரைப் பற்றி எழுதிவந்தாள். அழைத்துப்போக வந்த இன்னொரு பிள்ளையின் அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பாதியில் விட்டுவிட்டு ஓடியவரைப் பற்றி என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டர்பனில் பிறந்தவர். ஆசிரியை, அப்புறம் ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை. 1994இல் மண்டேலாவின் கட்சியான ஏஎன்சியின் பட்டியலில் நாடாளுமன்றம் போனார். வரவு செலவுத் திட்டத்தில் பெண்களுக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குக் கேட்கும் முயற்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெண்கள் நிலையைக் கண்காணிக்கும் கூட்டுக் குழுவுக்குத் தலைவர். 2001இல் பாதுகாப்புத் துறை மானியக் கோரிக்கை வந்தபோது ஆயுதக் கொள்முதலுக்கு எதிர்ப்பைப் பதிவு செய்த ஒரே ஏஎன்சி உறுப்பினர். எய்ட்ஸ் பற்றிப் பொது விசாரணை நடத்தி அறிக்கை கொடுத்தார். 2002இல் பதவி விலகினார்.

ஓடினாரா, வெளியேறினாரா? உங்கள் கருத்து?

சாட்ஸ்வர்த் தாத்தா:
வாத்தியாரே, அந்த அப்பா நானில்லை. ஆனால் நான் அவர் பக்கம்தான்.

1984 உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? வெள்ளை அரசாங்கம் இந்திய வம்சாவளியினரான நமக்கென்று ஒரு தனிச் சபை வைத்து, "வாருங்கள், ஓட்டுப் போடுங்கள்" என்றது. சாட்ஸ்வர்த் பேவியூவில் வீடு வீடாகக் கதவைத் தட்டியவன் நான். "போடாதீர்கள்" என்று சொல்லத்தான் தட்டினேன். சில வீட்டில் டீ கிடைத்தது, சில வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கடைசியில் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். அது எப்படி நடந்தது? கூட்டத்தில் முடிவெடுத்தோம், முடிவுக்கு எல்லோரும் கட்டுப்பட்டோம். எனக்குப் பிடிக்காத முடிவுகளும் இருந்தன. விழுங்கிக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்கு யாராவது பெயர் சொல்லி ஓட்டுப் போட்டார்களா? இல்லை. ஏஎன்சிக்குப் போட்டார்கள், ஏஎன்சி பட்டியல் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தது. இருக்கை கட்சியுடையது. கருத்து வேறுபாடா, கட்சிக் கூட்டத்தில் கத்து, மேசையைத் தட்டு. சபையில் தனியாக நின்றால் எதிர்க்கட்சிக்குத்தான் கொண்டாட்டம்.

தையல்காரி மகள்:
தாத்தா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஒரு கேள்வி மட்டும். 1984இல் கூட்டத்தில் கை தூக்கினீர்கள். ஆயுதக் கொள்முதலுக்கு யார் கை தூக்கினார்கள்? அமைச்சரவை முடிவு செய்தது, 1999 டிசம்பரில் கையெழுத்தானது. நாலு போர்க்கப்பல், மூன்று நீர்மூழ்கி, ஸ்வீடனின் கிரிப்பன் விமானங்கள், பிரிட்டனின் ஹாக் விமானங்கள், ஹெலிகாப்டர்கள். அப்போது சொன்ன தொகை சுமார் 3,000 கோடி ராண்ட். கேட்டு முடிவெடுத்ததற்குக் கட்டுப்படுவது வேறு, முடிவெடுத்துவிட்டுக் கட்டுப்படு என்பது வேறு.

அதற்கு முந்தைய வருஷம்தான் குழந்தை உதவித்தொகை வந்தது. மாதம் 100 ராண்ட், அதுவும் ஏழு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மட்டும். அதற்கு மேல் தர நாட்டில் பணமில்லை என்றார்கள். பெண்களுக்கு எவ்வளவு போகிறது என்று வருஷா வருஷம் கணக்குக் கேட்டவர், அந்த மானியக் கோரிக்கை வரும்போது மட்டும் கணக்கை மறந்துவிட வேண்டுமா?

என் அம்மா டர்பன் ஆடைத் தொழிற்சாலையில் 22 வருஷம் மிஷினில் உட்கார்ந்தவர். சபையில் பேசுகிறவர்களில் பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் சிலர்தான் என்பார்.

மிட்ராண்ட்வாசி:
நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இங்கே எனக்கு ஓட்டு இல்லை, அதனால் வாய் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 1985இலேயே கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலே பதவி போகும். இங்கே அப்படியில்லை. சபையில் எதிராக ஓட்டுப் போட்டதற்காக இருக்கை போகாது. ஆனால் கட்சி உங்களை நீக்கினால், கட்சி உறுப்பினர் இல்லை என்பதால் இருக்கை தானாகப் போய்விடும். அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு. ஆக கத்தி அதேதான், உறை மட்டும் வேறு.

ஆனால் அதே சாசனத்தில் உறுப்பினர்கள் எடுக்கிற உறுதிமொழியைப் படித்துப் பாருங்கள். குடியரசுக்கு விசுவாசம், சாசனத்துக்குக் கீழ்ப்படிதல் என்றுதான் இருக்கிறது. கட்சி என்ற சொல்லே இல்லை. 2017இல் ஜனாதிபதி ஜுமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு கேட்ட வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றமும் இதைத்தான் சுட்டிக்காட்டியது. அதனால் தாத்தா, "இருக்கை கட்சியுடையது" என்பது பாதி சரி. உட்கார வைப்பது கட்சி. உட்கார்ந்த பிறகு?

பீனிக்ஸ்காரன்:
நீங்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் தண்ணீர் நிலையம் அடித்துக்கொண்டு போனது. என் அக்கா வீட்டில் மாதக்கணக்கில் குழாயில் காற்றுதான் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு வரிசையில் நின்றார்கள். அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய நாடாளுமன்ற உறுப்பினர் என்று ஒருவர் இருந்திருக்க வேண்டும். யாரென்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

மைனாரிட்டி ஃபிரண்ட் கட்சித் தலைவராக இருந்த அமிச்சந்த் ராஜ்பன்சியை ஆயிரம் சொல்லுங்கள், "பெங்கால் புலி" என்று சிரியுங்கள். பென்ஷன் வரவில்லை என்று போனால் போனை எடுத்துப் பேசுவார். அவர் கட்சிக்கு 2004இல் தேசிய அவையில் (நாடாளுமன்றத்தின் கீழவை) இரண்டு இடம் இருந்தது, 2014இல் ஒன்றும் இல்லை. புலி போன பிறகு யாரிடம் போவது? எனக்குக் கொள்கையும் வேண்டாம், ராஜினாமாவும் வேண்டாம். போனை எடுக்கிற ஆள் வேண்டும்.

சாட்ஸ்வர்த் தாத்தா:
தம்பி பீனிக்ஸ், நாங்கள் பகிஷ்கரித்த 1984 சபையில் போய்த் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவரை என்னிடம் உதாரணம் காட்டாதே. வயிறு எரிகிறது.

மிட்ராண்ட் தம்பி, உறுதிமொழி சரி. ஆனால் தனியாளாக நின்று என்ன கிடைத்தது? மானியக் கோரிக்கை நிறைவேறியது. கப்பல் வந்தது, விமானம் வந்தது. எய்ட்ஸ் விஷயத்தையே எடுங்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வைத்தது யார்? எய்ட்ஸ் மருந்துக்காகப் போராடிய டிஏசி இயக்கம் தெருவில் நின்றது, வழக்குப் போட்டது, 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவு போட்டது. சபையில் அல்ல. குழுத் தலைவர் பதவியை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து இன்னும் இரண்டு வருஷம் குடைச்சல் கொடுத்திருக்கலாமே? வெளியே வந்த பிறகு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

தையல்காரி மகள்:
> "தனியாளாக நின்று என்ன கிடைத்தது?"

விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன். கிரிப்பன் விமானங்கள் 2021இல் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் தரையில் நின்றன. வாங்கக் காசிருந்தது, பறக்க வைக்கக் காசில்லை. அந்த ஆயுதக் கொள்முதலை விசாரிக்க 2011இல் போட்ட ஆணையம் ஊழலே இல்லை என்று அறிக்கை கொடுத்தது, 2019இல் உயர் நீதிமன்றம் அந்த அறிக்கையையே ரத்து செய்தது. 2001இல் அந்த மானியக் கோரிக்கை வந்தபோது ஏஎன்சியின் தலைமைக் கொறடாவாக இருந்து எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தவர் டோனி யெங்கெனி. சலுகை விலையில் வாங்கிய மெர்சிடிஸ் வண்டி விஷயத்தில் 2003இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். கட்டுப்பாடு என்று சொன்னீர்களே தாத்தா, யாருடைய கட்டுப்பாடு?

எய்ட்ஸ் விஷயத்தில், மருந்து தாமதமானதால் 3,30,000க்கு மேற்பட்ட உயிர் போனது என்று 2008இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நீதிமன்றம்தான் உத்தரவு போட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆளுங்கட்சியைச் சேர்ந்த அவர் தலைமையிலான நாடாளுமன்றக் குழுவே பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டு, மருந்து கொடுங்கள் என்று எழுதியது சின்ன விஷயமா? எச்ஐவியால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்றே சந்தேகம் கிளப்பி, ஜனாதிபதி ம்பெக்கி வேறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்த காலம் அது.

இன்னொன்று. 1998இல் மூன்று சட்டம் வந்தது: குடும்ப வன்முறை, ஜீவனாம்சம், வழக்காற்றுத் திருமணம். அந்தக் குழு இவற்றை முன்னுரிமைப் பட்டியலில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தது. என் சித்திக்கு ஆறு வருஷமாகக் காசு தராமல் ஏமாற்றியவரின் சம்பளத்திலிருந்தே, முதலாளி பிடித்துக் கட்டும்படி உத்தரவு வந்தது அந்த ஜீவனாம்சச் சட்டத்தில்தான். அதற்கே எட்டுத் தடவை லீவு போட்டு நீதிமன்ற வாசலில் காத்திருந்தார், அது வேறு கதை. பீனிக்ஸ் அண்ணா, போனை எடுக்கிற ஆள் நல்லதுதான். ஆனால் அவர் எந்தச் சட்டத்தைக் காட்டிப் போனில் பேசுவார்?

பீனிக்ஸ்காரன்:
சித்தி விஷயம் சரி தங்கச்சி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சட்டமெல்லாம் அவர் கட்சிக்குள் இருந்தபோது வந்தது. நீயே தாத்தாவுக்கு ஓட்டுப் போட்டுவிட்டாய்!

மிட்ராண்ட்வாசி:
ஹா ஹா. அதில் ஒரு உண்மை இருக்கிறது. 1994இலிருந்து 98வரை கட்சியும் அவரும் ஒரே திசையில் போனார்கள், வேலை நடந்தது. திசை மாறியதும் அவருக்கு இரண்டு வழிதான். வாயை மூடிக்கொண்டு இருப்பது, அல்லது நாற்காலியைக் கட்சியிடமே திருப்பிக் கொடுப்பது. தாத்தா, ஒரு வகையில் அவர் உங்கள் விதிப்படிதான் நடந்திருக்கிறார். இருக்கை கட்சியுடையது என்றீர்கள். வேறு கட்சிக்குத் தாவாமல் கொடுத்துவிட்டுத்தானே போனார்? இத்தனைக்கும் அந்த 2002இல்தான் இருக்கையோடு கட்சி மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். 2009வரை தாவல் திருவிழா நடந்தது.

உள்ளேயே இருந்து காத்திருந்தவர்கள் கதையையும் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 8, ஜுமா மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம், ரகசிய ஓட்டு. ஆதரவு 177, எதிர்ப்பு 198. எதிர்க்கட்சிகளுக்கு மொத்தமே 151 இடம். அப்படியென்றால் குறைந்தது 26 ஏஎன்சி உறுப்பினர்கள் இருட்டில் கை மாற்றியிருக்கிறார்கள். பெயர் தெரியாது, தீர்மானமும் தோற்றது. பதினாறு வருஷத்துக்கு முன்பு ஒரு பெண் வெளிச்சத்தில் செய்ததை இவர்கள் இருட்டில்தான் செய்ய முடிந்தது.

சாட்ஸ்வர்த் தாத்தா:
இருட்டில் என்றாலும் 26 பேர் தம்பி. வெளிச்சத்தில் ஒருவர். எண்ணிக்கைதான் சபை. இரண்டு பேரும் தோற்றார்கள் என்றால், எது வெற்றிக்குக் கிட்டே போனது?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தாவாமல் போனார், அது நேர்மை. யெங்கெனி விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கும் வெட்கம், இன்றைக்கும் வெட்கம்.

டொங்காட் வாத்தியார்:
நடுவில் ஒரு சந்தேகம். 2020இல் அரசியல் சாசன நீதிமன்றம் சுயேச்சைகளும் தேசிய அவைக்கு நிற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னதே, இனி இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

மிட்ராண்ட்வாசி:
வாத்தியார் ஐயா, 2024இல் உங்கள் கையில் மூன்று ஓட்டுச் சீட்டு கொடுத்தார்களே, அது அந்தத் தீர்ப்பால்தான். ஆனால் தேசிய அவைக்கு ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. டிஏசியைத் தொடங்கிய சாக்கி அக்மட்டே மேற்கு கேப்பில் நின்று தோற்றார். தொகுதி என்பது ஒரு முழு மாகாணம். தனியாளுக்கு அது எட்டுமா?

பீனிக்ஸ்காரன்:
வார்டு தேர்தலில் மட்டும்தான் ஆளைப் பார்த்துப் போட முடியும். அதற்கும் நம் ஆட்கள் வெளியே வருவதில்லை. மழை பெய்தால் அதுவும் போச்சு.

தையல்காரி மகள்:
இன்னொன்று சொல்ல மறந்தேன். "ஓடிவிட்டார்" என்கிறவர்கள் கவனத்துக்கு: 2009இலிருந்து 2015வரை அவர் மனித உரிமை ஆணையத்தின் துணைத் தலைவர். குழாயும் கழிவறையும் இல்லாத ஊர்களைப் பற்றி அந்த ஆணையம் விசாரணை நடத்தியது அவர் இருந்த காலத்தில்தான். பீனிக்ஸ் அண்ணா, உங்கள் தண்ணீர் விஷயம் பேசிய ஆள்தான் அவர்!

பீனிக்ஸ்காரன்:
அடடா. அது எனக்குத் தெரியாது. சரி, போனை எடுப்பாரா?

டொங்காட் வாத்தியார்:
அந்தப் பெண்ணிடம் இன்று பேசினேன். பேச்சிலிருந்து ராஜினாமாப் பகுதியை எடுத்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இப்போது அதையே முதலில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்குப் போட்டி. தாத்தா, நீங்கள் நடுவராக வர முடியுமா?

சாட்ஸ்வர்த் தாத்தா:
நடுவராக வேண்டாம், நான் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்தவன். கேள்வி கேட்கிற ஆளாக வருகிறேன். அந்தக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பயந்துவிடப் போகிறது. என் முதல் கேள்வி இதுதான்: 2001இல் அந்தச் சபையில் ஏஎன்சி உறுப்பினராக நீ இருந்து, உன் அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்த சங்கமும் கட்சியோடு நின்றிருந்தால், நீ என்ன செய்திருப்பாய்?

தையல்காரி மகள்:
இது நியாயமில்லாத கேள்வி தாத்தா. நானும் வருகிறேன், அவள் பக்கத்தில் உட்கார.