ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கூட வர யாராவது இருக்கீங்களா?

திருநங்கை, திருநம்பிகளை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போக ஆள் தேவை, நண்பர்களே. தமிழோடு தெலுங்கோ கன்னடமோ தெரிந்தால் ரொம்ப நல்லது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பலருக்கு வீட்டுமொழி அதுதான், அழும்போது அதுதான் வரும்.

பலர் ஓபி சீட்டு போடும் இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். பழைய பெயரைக் கூட்டத்தில் சத்தமாகக் கூப்பிட்டால் அடுத்த முறை வரவே மாட்டார்கள். முதல் இரண்டு மூன்று தடவை கூடவே போய், கூப்பிட வேண்டிய பெயரை நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். பெற்றோரிடம் தனியாகப் பேசவும் ஒருவர் வேண்டும். 'மாத்திடலாம்' என்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். அவர்களின் பாலின உணர்வையே 'குணப்படுத்தி' மாற்றும் முயற்சிக்கு 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்துவிட்டது.

வாரத்தில் அரை நாள் போதும். எந்த ஊர், எந்தக் கிழமை என்று சொல்லுங்கள். இப்போதே தாங்க முடியாதவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், இரவிலும் பேசலாம், கட்டணமில்லை.