பிறந்த குழந்தைக்கு இன்னும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போடவில்லை, என்ன செய்வது?

புதுவரவு: வணக்கம். எங்கள் மகள் பிறந்து 11 நாட்கள் ஆகின்றன. மருத்துவமனையில் பி.சி.ஜி. போடாமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் பிறந்தவுடனேயே போட்டுவிடுவார்களே என்று மாமியார் நாள்தோறும் தொலைபேசியில் கேட்கிறார். மறந்துவிட்டார்களா, அல்லது ஆபத்து என்று தவிர்த்தார்களா? ஆறு வாரத்தில் திருச்சி போகிறோம்.

நியூஜெர்சிவாசி: கவலை வேண்டாம், தம்பி. அமெரிக்காவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போடும் வழக்கமே இல்லை. என் பிள்ளைகள் இருவரும் போடாமல்தான் வளர்ந்தார்கள். 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்விலேயே இது பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

ஈலிங் அக்கா: அண்ணா, அந்த ஆய்வு அளந்தது நுரையீரல் காசநோயை. கைக்குழந்தைகளுக்கு நாம் அஞ்சுவது மூளையுறையைத் தாக்கும் காசநோயை. அதற்கு எதிராக இந்த ஊசி 70 முதல் 80 விழுக்காடு வரை காக்கிறது. ஊசி வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள்.

பழையவன்: 2015இல் நான் வந்தபோது இந்த ஊசிக்கே தட்டுப்பாடு. என் மகனுக்காக இரண்டு பேருந்து மாறி, பனியில் தள்ளுவண்டியை உருட்டிப் போனால், மருந்து வரவில்லை என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதைவிட ஊரில் போய்ப் போட்டுக்கொள்வதே மேல்.

நியூஜெர்சிவாசி: இங்கே காப்பீட்டுக்காரர்களிடம் பேசிப் பாருங்கள், பேருந்தே சுகம் என்பீர்கள்.

ஈலிங் அக்கா: தம்பி எந்த நாட்டில் இருக்கிறார் என்றே இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

புதுவரவு: மன்னிக்கவும், இங்கிலாந்தில், லெஸ்டரில்.

ஈலிங் அக்கா: அப்படியானால் யாரும் மறக்கவில்லை. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியா போன்ற காசநோய் மிகுந்த நாட்டில் பிறந்திருந்தால் குழந்தைக்கு இங்கே இலவசமாகவே போடுவார்கள். ஆனால் 2021 செப்டம்பர் முதல் 28 நாள் ஆன பிறகே போடுகிறார்கள். இது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் அறவே குன்றிய அரிய குழந்தைகளுக்கு இதனால் உயிராபத்து உண்டு என்பதால், அக்குறையைக் கண்டறியும் பரிசோதனைக்கு இடம்விட்டுத் தள்ளிவைத்தார்கள். அழைப்பு வராவிட்டால் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் செவிலியரிடம் (ஹெல்த் விசிட்டர்) கேளுங்கள். போட்ட இரண்டு முதல் ஆறு வாரத்தில் இடது மேற்கையில் சிறு கொப்புளம் எழும்பி, சில வேளை நீர் கசிந்து, மெல்லத் தழும்பாகும். மஞ்சளோ களிம்போ தடவ வேண்டாம். மூன்று மாதத்துக்கு அந்தக் கையில் வேறு தடுப்பூசி போடக்கூடாது. கர்ப்ப காலத்தில் தாய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து ஏதேனும் எடுத்தாரா?

புதுவரவு: குடல் அழற்சிக்காக இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றினார்கள். அது முக்கியமா?

ஈலிங் அக்கா: மிக முக்கியம். அம்மருந்து தாயிடமிருந்து குழந்தைக்குச் சென்று பல மாதம் இரத்தத்தில் தங்கும். ஆகவே உயிருள்ள தடுப்பூசிகளைப் பொதுவாக ஓராண்டு தள்ளிப்போடுவார்கள். நாளையே குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) சொல்லிக் குழந்தையின் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் உயிருள்ளதே. எட்டாம் வாரத்தில் அது வருவதற்குள் அதையும் கேட்டுவிடுங்கள். திருச்சியில் அவசரப்பட்டுப் பி.சி.ஜி. போட்டுவிட வேண்டாம் என்று மாமியாரிடம் இப்போதே சொல்லுங்கள். பயணத்தைத் தள்ளிப்போட முடியாவிட்டால், அந்த வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் எவரும் நீங்கள் போகும் முன்பே சளிப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.