வெள்ளி ரூபாயில் பச்சைப் பிசுக்கு வந்தது எப்படி?

பழைய நாணய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1944-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாயின் முகத்தில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது கண்ணில் பட்டது. வெள்ளி மஞ்சளிக்கும், கறுக்கும், சில சமயம் நீலமும் ஊதாவும் பாரிக்கும். ஆனால் இப்படித் தடிப்பான பச்சைக் களிம்பு வெள்ளியிலிருந்து வராது, செம்பிலிருந்துதான் வரும். அந்த ரூபாயில் செம்புக்குக் குறைவும் இல்லை. 1940-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரூபாயின் வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்துவிட்டது. மீதியில் 40 சதவீதம் செம்பு; நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம்.

அதே பக்கத்தில், பக்கத்து உறையில், 1918-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றும் இருந்தது. இரண்டும் ஒரே காலம், ஒரே அலமாரியில், ஒரே வெக்கையில் கிடந்தவை. 1918 காசில் லேசான பிசுபிசுப்பு மட்டும்தான்; பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. பச்சைக்குச் செம்பு காரணம் என்பது இதில் உறுதியாகிவிட்டது. ஆனால் அந்தச் செம்பைக் கிளப்பிவிட்டது எது?

இந்த இடத்தில் நிறம் அதிகம் உதவாது என்பது என் கருத்து. ஈரம், கை வியர்வை, பிளாஸ்டிக், உப்பு எல்லாமே செம்பைப் பச்சையாக்கும். கறை காசின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, தொட்டால் எப்படி இருக்கிறது, காசு இத்தனை காலம் எதோடு ஒட்டிக்கிடந்தது என்பவைதான் பேசும்.

பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். மன்னரின் கன்னம், கிரீடத்தின் மேடு, எழுத்துகளின் உச்சி ஆகிய இடங்களில்தான் பச்சை திட்டுத்திட்டாக இருந்தது. எழுத்துகளுக்கு இடையிலான பள்ளங்கள் சுத்தம். ஈரம் வேலை செய்திருந்தால் பள்ளத்தில்தான் தங்கியிருக்கும். கைபட்டதால் வந்த கறை என்றால் ரேகைக் கோடுகள் தெரிந்திருக்கும். மேடுகளில் மட்டும் கறை என்றால், மேடுகளைத் தொட்டுக்கொண்டிருந்த ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும். அப்படித் தொட்டுக்கொண்டிருந்தது ஆல்பத்தின் உறை மட்டுமே.

அடுத்து பல்குச்சி முனையால் ஒரு திட்டை மெல்லத் தொட்டேன். கிரீஸ் மாதிரி இழுபட்டது, பொடியாக உதிரவில்லை. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். நண்பர் ஒருவரின் செப்புக் காசில் வந்தது இதற்கு நேர் எதிர்: வெளிர்பச்சைப் பொடி, தட்டினால் உதிரும், அடியில் குழி. துடைத்து வைத்தால் சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி பொரிந்து நிற்கும். அதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள். உலோகத்துக்குள் தங்கிவிட்ட குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செம்பை அரித்து, மறுபடி குளோரைடாகிறது. அந்தச் சுழற்சி துடைப்பதால் நிற்காது. ஈரமில்லாத இடத்தில் வைத்தால் அடங்கும். முற்றிய காசை அருங்காட்சியக வேலை தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது.

என் காசில் இருந்தது பிசுக்கு. உறையை முகர்ந்தேன், புது மழைக்கோட்டு வாசனை அடித்தது. அது பிவிசி, அதாவது குளோரின் சேர்ந்த ஒரு வகைப் பிளாஸ்டிக், என்பதற்கு நல்ல அறிகுறி. ஆனாலும் வாசனையை மட்டும் நம்ப மனம் வரவில்லை. செம்புக் கம்பியின் நுனியைச் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினேன். சுடர் பளிச்சென்று பச்சையாக மாறியது. பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது என்பதற்கு இது பழைய, நம்பகமான சோதனை. (புகை நச்சு. வெட்டவெளியில், துளியூண்டு துண்டில் மட்டும் செய்யுங்கள்.)

விறைப்பான பிவிசியை வளைய வைக்க எண்ணெய் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். காலப்போக்கில் அவை கசிந்து காசில் ஒட்டும். வெப்பத்திலும் ஒளியிலும் பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிவரும். அந்த அமிலம் செம்பைத் தின்பதன் நிறம்தான் அந்தப் பச்சை.

சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை ஊறவைத்தேன். நகப்பூச்சு அழிப்பான் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் கூடாது. பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. ஊறிய பிறகு பஞ்சை உருட்டி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை, தேய்த்தால் கீறல் விழும். பஞ்சில் பச்சை இறங்கியது, புது அசிட்டோனில் மறுபடி அலசினேன். பிசுக்கு முழுக்கப் போய்விட்டது. கன்னத்தில் மட்டும் அமிலம் தின்ற இடம் மங்கலாக, ஊசி குத்தியதுபோல் சொரசொரப்பாக நிற்கிறது. அந்த உலோகம் திரும்ப வராது. பளபளப்பாக்க எதையாவது போட்டுத் தேய்ப்பது அந்தச் சேதத்தைக் காசு முழுக்கப் பரப்புவதாகும்.

இன்னொரு விஷயமும் இந்தக் காசில் கிடைத்தது. விளிம்பில் ஒரு வண்ண வளையம்: ஓரத்தில் நீலம், உள்ளே வர வர ஊதா, செம்பழுப்பு, கடைசியில் மஞ்சள். அசிட்டோனில் இது துளியும் அசையவில்லை. ஆல்பத்துக்கு வருவதற்கு முன் காசு மலிவான பழுப்புக் காகித உறையில் கிடந்தது. அப்படிப்பட்ட காகிதத்தில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய வெள்ளி சல்பைடு படலமாகும். படலம் மெலிதாக இருக்கும்போது மஞ்சள், தடிக்கத் தடிக்க ஊதா, பிறகு நீலம். ஒளி அந்தப் படலத்தில் பட்டுத் திரும்பும் விதம் அப்படி. காகிதத்துக்கு நெருக்கமான விளிம்பில் படலம் தடித்திருப்பதால் நிறங்கள் இந்த வரிசையில் நிற்கின்றன. வரிசை எங்கும் உடையாததால், இது மெதுவாகத் தானே வந்த நிறம் என்று நினைக்கிறேன். அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

இப்போது இரண்டு ரூபாயும் பாலியெஸ்டர் உறையில் இருக்கின்றன. உங்கள் ஆல்பத்தில் 1940-க்குப் பிந்தைய பாதி வெள்ளி ரூபாய்கள் இருந்தால் முதலில் அவற்றின் மேடுகளைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள பழைய ரூபாய்கள் சுத்தமாகத் தெரிந்தாலும் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். இதே பச்சை வேறு காரணத்தால் வந்திருந்தால், கறை எந்த இடத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.