கடலூர் வீடு குரூப்பில்: கார்த்திக்கு ஸ்கூபா சாமான்

சனி, இரவு

கார்த்தி: ஜனவரில அந்தமான்ல ஹேவ்லாக் தீவுக்குப் போறேன். ஸ்கூபா டைவிங் கத்துக்கற முதல் கோர்ஸ், ஓப்பன் வாட்டர், புக் பண்ணியாச்சு, ஃபீஸ் தனி. சாமான் வாங்கன்னு கையில 25,000 இருக்கு. ஒருத்தர் பழைய செட் முழுசா 24,000-க்குத் தர்றேங்கிறார். பிசிடி (காத்து ஏத்தி மிதக்கற ஜாக்கெட்), ரெகுலேட்டர் (டாங்க் காத்தை வாய்க்குக் கொண்டு வர்றது), மாஸ்க், ஃபின்ஸ் (கால் துடுப்பு), 3 மிமீ வெட்சூட். எடுத்துடவா?

செல்வம் மாமா: அட்வான்ஸ் எதுவும் குடுத்துட்டியா?

கார்த்தி: இல்ல மாமா. படம் கேட்டிருக்கேன்.

செல்வம் மாமா: நல்லது. படம் வரட்டும்.

நித்யா அக்கா: டேய், கோர்ஸ் காசுலயே சாமான் வாடகை சேர்ந்து வருதான்னு முதல்ல டைவ் சென்டர்ல கேளு. பெரும்பாலும் சேர்ந்துதான் வரும். அப்ப நீ வாங்கற பிசிடியும் ரெகுலேட்டரும் அங்க பையை விட்டே வெளிய வராது.

செல்வம் மாமா: நித்யா சொல்றதுதான். காசு கம்மியா இருக்கறவன் உடம்புக்கு அளவு பார்த்து வாங்க வேண்டியதை மட்டும் வாங்கணும். மாஸ்க், ஃபின்ஸ். அடுத்து, ஆழமும் நேரமும் பார்த்துக் கணக்கு போடற டைவ் கம்ப்யூட்டர். காத்து குடுக்கற சாமானை வாடகைக்கு எடுத்துக்கோ. அதைச் சர்வீஸ் பண்றது சென்டரோட தலைவலி, உன்னோடது இல்ல.

அப்பா: இது என்ன பாருங்க. கைப்பம்ப் வச்சு நாமளே காத்து அடிச்சுக்கலாமாம். அரை லிட்டர் சிலிண்டர். கோர்ஸே வேண்டாம்னு போட்டிருக்கான். (லிங்க்)

செல்வம் மாமா: மச்சான், அந்தப் பக்கமே போகாதீங்க. கணக்கு போட்டுப் பாருங்க. அரை லிட்டர் × 200 பார் = 100 லிட்டர் காத்து. புதுசா இறங்கறவன் மேல இருக்கும்போதே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பான். பத்து மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, அதனால 40 லிட்டர். ரெண்டரை நிமிஷத்துல காலி. காலியானதும் பயத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல பாய்வான். பத்து மீட்டர்ல நுரையீரல்ல இருந்த காத்து மேல வர்றதுக்குள்ள ரெண்டு மடங்கா விரியும். நுரையீரல் கிழியறது அப்படித்தான்.

செல்வம் மாமா: அதோட கைப்பம்ப்ல ஈரத்தையும் எண்ணெயையும் எடுக்கற ஃபில்டர் ஒழுங்கா இருக்காது. பெரிய சிலிண்டரும் வேண்டாம். பெசோ (மத்திய அரசோட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி இல்லாத சிலிண்டரை நம்ம ஊர்ல நிரப்பித் தர மாட்டாங்க, காலாகாலத்துல தண்ணி அழுத்தத்தைத் தாங்குதான்னு ஹைட்ரோ டெஸ்ட் வேற பண்ணணும். 11 லிட்டர் அலுமினிய டாங்க் வெறும் எடையே 14 கிலோ, ஃப்ளைட்லயா தூக்கிட்டுப் போவான்? டாங்கும் இடுப்புல கட்டற வெயிட்டும் எந்த ஊருக்குப் போனாலும் அங்கயேதான்.

அப்பா: சரிப்பா, விட்டாச்சு.

நித்யா அக்கா: மாஸ்க் எப்படிப் பார்க்கறதுன்னு சொல்றேன் கார்த்தி. ஆன்லைன்ல வாங்காத, கடைக்குப் போ. வாரை முன்பக்கமாத் தூக்கி விட்டுட்டு, முகத்துல சும்மா வச்சு மூக்கால லேசா மூச்சை இழு. கையை எடு. தலையை ஆட்டினாலும் விழாம ஒட்டிட்டு இருந்தா உன் முகத்துக்குப் பொருந்துது. அழுத்திப் பிடிச்சு டெஸ்ட் பண்ணினா எல்லா மாஸ்க்கும் ஒட்டும், ஏமாந்துடாத. அப்புறம் வாயில ஒரு ஸ்நார்க்கல் குழாயைக் கடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை பாரு. கன்னம் நகரும்போதுதான் சிலதுல இடைவெளி விழும்.

நித்யா அக்கா: ஓரம் சிலிக்கானா இருக்கணும். பிவிசி கொஞ்ச நாள்ல விறைச்சுப் போயிடும். கண்ணாடியில "டெம்பர்ட்"னு பொறிச்சிருக்கும், பிளாஸ்டிக்னா வச்சுட்டு வந்துடு. மூக்கு வெளிய இருந்து பிடிக்கற மாதிரி இருக்கணும், இல்லன்னா மூக்கைப் பிடிச்சு ஊதி காதை ஈக்வலைஸ் பண்ண, அதாவது காதுல அழுத்தத்தைச் சமன் பண்ண முடியாது. முகம் முழுக்க மூடற ஸ்நார்க்கல் மாஸ்க் ஆஃபர்ல கிடக்கும், அது தண்ணி மேல மிதந்து வேடிக்கை பார்க்கறதுக்கு மட்டும்தான்.

கார்த்தி: கண்ணு பவர் ரெண்டுலயும் வேற வேற அக்கா. -2.5, -3.

நித்யா அக்கா: அப்ப ரெண்டு கண்ணாடி தனித்தனியா இருக்கற மாடல் எடு. அதுக்கு ரெடிமேட் பவர் லென்ஸ் அரை அரை பாயின்டா விக்கும், ஒவ்வொரு கண்ணுக்கும் வேற போட்டுக்கலாம். எந்த மாடலுக்கு லென்ஸ் கிடைக்கும்னு கேட்டுட்டு மாஸ்க்கை முடிவு பண்ணு. கண்ணுல சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மாடிசம்) இருந்தா அது ரெடிமேட்ல வராது, கொஞ்சமா இருந்தா சமாளிச்சுக்கலாம்.

செல்வம் மாமா: மீசையையும் கவனி மாப்ள. மூக்குக்குக் கீழ சிலிக்கான் உட்கார்ற இடத்துல ஒரு கோடு அளவுக்கு மழிச்சா போதும். தண்ணி கசியுதேன்னு வாரை இறுக்காத. இறுக்கினா ஓரம் மடங்கி இன்னும் கசியும்.

அப்பா: நல்லவேளை நான் போகல.

கார்த்தி: 😂 படம் வந்துடுச்சு மாமா. (6 படங்கள்)

செல்வம் மாமா: ரெண்டாவது படத்தைப் பெருசாக்கிப் பாரு. ரெகுலேட்டர்ல டாங்க்கோட சேர்ற பாகம்தான் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதுல டாங்க்கோட வாய் உட்கார்ற இடத்துல சின்ன ஃபில்டர் தெரியுதா? வெள்ளி நிறத்துல இருக்கணும். இது பச்சையா இருக்கு. மூடியைச் சரியாப் போடாம கழுவி உப்புத் தண்ணி உள்ள போயிருக்கு, பித்தளை பூத்திருக்கு. சிவப்பா இருந்தா இரும்பு டாங்க்கோட துரு. எதுவா இருந்தாலும் முழுசாப் பிரிச்சுச் சர்வீஸ் பண்ணாம வாயில வைக்கக் கூடாது.

கார்த்தி: சர்வீஸ் பண்ணினா சரியாயிடுமா?

செல்வம் மாமா: தேயற ரப்பர் பார்ட்ஸ் அடங்கின சர்வீஸ் கிட் கிடைச்சா ஆகும். அந்த மாடலுக்குப் பார்ட்ஸ் இன்னும் வருதா, யார் பண்ணுவாங்க, எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டுத்தான் பழைய ரெகுலேட்டருக்கே விலை பேசணும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், வாயில வைக்கற செகண்ட் ஸ்டேஜ், அவசரத்துக்கு வச்சிருக்கற இன்னொரு வாய்ப்பகுதியான ஆக்டோபஸ் மூணுக்கும் கிட் மாத்தணும், ஹோஸும் வெடிச்சிருந்தா மிச்சம் பிடிச்ச காசு அங்கயே போயிடும்.

செல்வம் மாமா: நாலாவது படத்துல ஹோஸ் நுனியில ரப்பர் உறை போட்டிருக்கார். அதைப் பின்னால தள்ளி ஹோஸை வளைச்சுப் பார்க்கணும், வெடிப்பு அதுக்கு அடியிலதான் ஒளிஞ்சிருக்கும்.

நித்யா அக்கா: காசில்லாத டெஸ்ட் ஒண்ணு இருக்கு. டாங்க்ல மாட்டாம, மூடி போட்டபடியே செகண்ட் ஸ்டேஜை வாயில வச்சு மெதுவா உறிஞ்சு. ஒரு துளி காத்துகூட வரக் கூடாது. வந்தா உள்ள இருக்கற ரப்பர் தகடான டயஃப்ரமோ, மூச்சு வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வோ ஓட்டை. அதே வழியா கடல் தண்ணியும் வரும்.

செல்வம் மாமா: டாங்க்ல மாட்டினப்புறம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைச்சு அனுப்பற அழுத்தத்தைக் காட்டற இன்டர்மீடியட் பிரஷர் கேஜை பிசிடி ஹோஸ்ல சொருகணும். மாடலைப் பொறுத்து 9, 10 பார்ல நிக்கும். நிக்காம மெல்ல ஏறிட்டே போனா உள்ள காத்தை அடைக்கற சீட் தேய்ஞ்சாச்சு. தண்ணிக்குள்ள ஃப்ரீ ஃப்ளோ ஆகும், காத்து நிக்காம கொட்டும்.

கார்த்தி: பிசிடி?

செல்வம் மாமா: படத்துல ஒண்ணும் தெரியாது. வால்வு திறந்து காத்து பீய்ச்சற வரைக்கும் ஊதி ராத்திரி முழுக்க வச்சுட்டு, காலைல அதே விறைப்பா இருக்கணும். உள்ள கொஞ்சம் தண்ணி ஊத்திக் குலுக்கிக் கொட்டினா உப்புக் கட்டி வருதான்னு பார்க்கணும். காத்து ஏத்தற இன்ஃப்ளேட்டர் பட்டனைப் பத்து இருபது தடவை அமுக்கி, ஒவ்வொரு தடவையும் உடனே எழும்புதான்னு பாரு. உப்பு பிடிச்சு ஒரு தடவை சிக்கிக்கிட்டாப் போதும், காத்து நிக்காம ஏறி உன்னை மேல தூக்கிட்டுப் போயிடும்.

கார்த்தி: அப்ப செட் வேண்டாம்.

செல்வம் மாமா: வேண்டாம். வருஷத்துக்கு ஒரு ட்ரிப் போறவனுக்குச் சர்வீஸ் செலவே வாடகையில மிச்சமாகறதை முழுங்கிடும். பின்னால அடிக்கடி போக ஆரம்பிச்சா ரெகுலேட்டர்ல எளிமையான வகை, புது அன்பேலன்ஸ்ட் பிஸ்டன் மாடல் வாங்கு. உள்ள பார்ட்ஸ் கம்மி, சர்வீஸ் சுலபம், பொழுதுபோக்கு டைவிங் ஆழத்துக்குத் தாராளம். ஐரோப்பியத் தரமான இஎன் 250 முத்திரை இருக்கணும். டாங்க்ல மாட்டற விதம் யோக்கா டின்னான்னு அன்னைக்குப் பேசிக்கலாம்.

ஞாயிறு, காலை

கார்த்தி: ஃபின்ஸ் ஃபுல் ஃபுட்டா (ஷூ மாதிரி பாதத்தை மூடறது), பின்னால வார் வச்சதா?

நித்யா அக்கா: ஃபுல் ஃபுட் போதும். விலையும் கம்மி, எடையும் கம்மி. வார் வச்சது வாங்கினா நியோப்ரின் (ரப்பர் நுரை) பூட்டீஸும் சேர்த்து வாங்கணும். பாறையில நடந்து கடல்ல இறங்கற இடத்துக்குத்தான் அது கட்டாயம், ஹேவ்லாக்ல பெரும்பாலும் போட்ல போய்க் குதிக்கறதுதான். போட்டுக்கிட்டு நின்னு குதிகாலைத் தூக்கிப் பாரு. கழண்டா பெருசு, விரல் மடங்கினா சின்னது. சின்னதா இருந்தா பாதம் மரத்துப் போயி தசை பிடிச்சுக்கும். டாங்க் இல்லாம மூச்சடக்கி இறங்கற ஃப்ரீ டைவிங் ஃபின்ஸ் நீளமா அழகா இருக்கும், எடுத்துடாத. கோர்ஸ் நடக்கற ஆழமில்லாத இடத்துல மண்ணைக் கிளப்பிக்கிட்டுத் திரிவ.

நித்யா அக்கா: மாஸ்க், லென்ஸ், சாதா ஸ்நார்க்கல், ஃபின்ஸ் எல்லாம் பத்தாயிரத்துக்குள்ள முடி. மிச்சத்தைத் தொடாத. கோர்ஸ் முடிஞ்சு இது நமக்குப் பிடிக்குதுன்னு தெரிஞ்சப்புறம் கம்ப்யூட்டர்.

கார்த்தி: கைடு கையில ஒண்ணு இருக்குமே?

செல்வம் மாமா: அது அவர் போன ஆழத்துக்கும் நேரத்துக்கும் கணக்கு போடும். நீ அவருக்கு ரெண்டு மீட்டர் கீழ சுத்திட்டிருந்தா உன் உடம்புல ஏறின நைட்ரஜன் அதுக்குத் தெரியாது. காலைல அவர் இன்னொரு குரூப்போட இறங்கியிருந்தா கணக்கே வேற. ஆளுக்கு ஒண்ணுதான். கலர் ஸ்க்ரீன், டாங்க் பிரஷர் காட்டற டிரான்ஸ்மிட்டர்னு விலையை ஏத்துவாங்க, வேண்டாம். கிரெஸ்ஸி லியோனார்டோ, சுன்டோ ஜூப் நோவோ மாதிரி பெரிய எழுத்து காட்டறது போதும். ரெண்டுலயும் பேட்டரியை நாமளே மாத்திக்கலாம், ஆக்சிஜன் கூடுதலா இருக்கற நைட்ராக்ஸ் காத்துக்கும் கணக்கு போடும். பேட்டரி மாத்தும்போது தண்ணி புகாம அடைக்கற ரப்பர் வளையத்தை, ஓ ரிங்கையும் மாத்திடு. அதுல ஒரு முடி மாட்டினாலும் தண்ணி புகுந்துடும்.

நித்யா அக்கா: மாஸ்க் புதுசா வந்ததும் உள்பக்கக் கண்ணாடியை வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு விரலால தேய்ச்சுக் கழுவு, நாலஞ்சு தடவை. தயாரிப்புல படியற சிலிக்கான் படலம் அப்பத்தான் போகும். இல்லன்னா என்ன தடவினாலும் பனி மூட்டம் மாதிரி மறைக்கும். ஜெல் பேஸ்ட் உதவாது. லைட்டர் நெருப்புல காட்டற வீடியோவைப் பார்த்துட்டு ஆரம்பிச்சுடாத, சிலிக்கான் ஓரம் பொசுங்கிடும். அப்புறம் டைவுக்கு முன்னால ஒரு சொட்டு பேபி ஷாம்பு, லேசா அலசினா போதும்.

கார்த்தி: செட்காரர்கிட்ட வேண்டாம்னுட்டேன். வெட்சூட் மட்டும் தனியா 1,500-க்குத் தர்றாராம்.

செல்வம் மாமா: அது பார்க்கலாம். அந்தமான்ல தண்ணி 27-ல இருந்து 30 டிகிரி, 3 மிமீ சரியா இருக்கும். போட்டுப் பார்க்காம வாங்காத. முதுகுக் குழியிலயும் அக்குள்லயும் காத்து தங்கக் கூடாது, கழுத்து மூச்சு முட்டக் கூடாது. துணியை ரெண்டு விரலால கிள்ளி விடு. உடனே எழும்பினா நியோப்ரின் உயிரோட இருக்கு. அப்பளம் மாதிரி அமுங்கியே கிடந்தா 300-க்குக் குடுத்தாலும் வேண்டாம். முட்டியில தையலையும் ஜிப் பல்லையும் பாரு.

கார்த்தி: சாயங்காலம் போய்ப் போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன் மாமா.