ஹீட்டிங் போட்டால் ஆர்சிடி விழுகிறது

லண்டன் வீடு, கேஸ் பாய்லர், சுடுதண்ணீருக்குத் தனி சிலிண்டர் (தொட்டி). சுடுதண்ணீருக்கு ஓடினால் பிரச்சினை இல்லை, ஹீட்டிங் போட்ட உடனே ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து பாதி வீடு இருட்டு. 3 ஆம்ப் ஃப்யூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பாய்லரின் சர்க்யூட் போர்டு போய்விட்டதா?

— போர்டை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள் தம்பி. ஃப்யூஸ் தாங்கி ஆர்சிடி மட்டும் விழுந்தால் எர்த்துக்குக் கசிவு, அதற்கு 30 மில்லி ஆம்ப் போதும். சுடுதண்ணீருக்கும் அதே பம்ப் ஓடுகிறதென்றால் பம்ப் மேல் சந்தேகம் குறைவு. ஹீட்டிங் பக்கம் தண்ணீரைத் திறந்துவிடும் மோட்டார் வால்வில் ஈரம் இருக்கிறதா?

— கரண்ட்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாய்லர் மூடியைத் தொடாதீர்கள், அது கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவுள்ளவர் வேலை.

— அண்ணா, வால்வுதான்! மேலே இணைப்பு சொட்டி, வயர் முனையெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. எலக்ட்ரீசியன் நாளை வருகிறார்.