ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. கேட்க உரிமை உண்டா?

காரைக்குடிப் பெண்:
மாமாவுக்குச் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம் வருகிறது. மணகோலம், தேன்குழல் பலகாரங்கள் சுட ஆள் சொல்லியாயிற்று. சாமான் வாங்க இங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். ரேக்கில் உளுந்து கிலோ 128 என்று மஞ்சள் அட்டை இருந்தது, 12 பாக்கெட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் 141. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "காலையிலேயே விலை ஏறிருச்சுக்கா, அட்டையை மாத்தலை. எம்ஆர்பி 165, அதுக்குக் கீழதானே தர்றோம்" என்கிறார் பில் போடும் தம்பி. 156 ரூபாய்க்கு ஏன் அலைகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்கு மனசு ஆறவில்லை. எம்ஆர்பிக்குள் இருந்தால் பேசாமல் வந்துவிட வேண்டியதுதானா?

தேவகோட்டை அண்ணன்:
விடாதே தங்கச்சி. எம்ஆர்பி என்பது உச்ச விலை, அதற்குள் கடைக்காரர் தினம் ஒரு விலை வைத்தாலும் நாம் தடுக்க முடியாது. ஆனால் ஒரு விலையை எழுதி மாட்டிவிட்டு அதற்கு மேல் வாங்கினால் கதையே வேறு. பொருளின் மேலோ கடையில் வைத்த விலைப்பட்டியலிலோ காட்டிய விலையை விட அதிகம் வாங்கினால் புகார் செய்யலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, அந்த மஞ்சள் அட்டையும் அதில்தான் சேரும் என்பேன். அட்டை இன்னும் மாறாமல் இருந்தால் முதலில் போட்டோ எடு. பில்லைப் பத்திரமாக வை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டால் புகாரைப் பதிவு செய்துகொள்வார்கள். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

பழைய பில் கவுண்டர்:
நான் இந்த வேலையில் இருந்தவன். விலை கம்ப்யூட்டரில் ஏறிவிடும், ரேக் அட்டையை ஆள் போய்த்தான் மாற்ற வேண்டும், கூட்டமான நாளில் அது அப்படியே கிடக்கும். பில் போடும் பையனால் விலையை மாற்ற முடியாது, அவனிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அட்டை விலைக்கு பில்லை மாற்றிக் கொடுக்க அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனாலும் அட்டையை மாற்றாதது கடையின் தப்பு, அதற்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பள்ளத்தூர் ஆச்சி மகள்:
எம்ஆர்பியையே ஒரு தடவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். குறைந்த விலைக்குத்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலை மறையக் கூடாது. கூட்டி ஒட்டியிருந்தால் அது எடையளவுச் சட்டத்தில் குற்றம், தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் சொல்லலாம். கல்யாணச் சாமான் வாங்கும் அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை என்று கடைக்காரர்களுக்கும் தெரியும்.

காரைக்குடிப் பெண்:
போய்விட்டு வந்தேன். அட்டை இன்னும் 128தான், போட்டோ எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் 156 ரூபாயைக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஆச்சி மகள் சொன்னபடி வீட்டில் இருக்கும் நல்லெண்ணெய் பாக்கெட்டைச் சுரண்டினால் 340க்கு அடியில் 310 தெரிகிறது. நாளைக் காலையில் 1915க்குப் பேசுகிறேன்.