புதுப்பிப்பு: எங்கள் கல்லூரி நூலக மதிப்பீட்டில் என்ன தெரிந்தது?

தர்மபுரி பக்கம் உள்ள எங்கள் கல்லூரி நூலகத்தை மாணவர்களை வைத்தே மதிப்பிடப் போகிறோம், படிவத்தில் என்ன கேட்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

படிவங்கள் வந்துவிட்டன. இருக்கை, வெளிச்சம், குடிநீர் எதிலும் பெரிய குறை இல்லை. நேரம்தான் பிரச்சினை. பென்னாகரம், அரூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் கடைசி மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். நூலகம் திறந்திருக்கும்போது அவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு மாணவி படிவத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தாள்: "புத்தகம் இருக்கு சார், எடுக்கத்தான் நேரம் இல்ல." அந்தத் தாள் இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதை நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகவியலின் நான்காம் விதியாக வைத்துவிட்டார்.

அப்புறம் என்-லிஸ்ட், அதாவது கல்லூரிகளுக்கான இணைய நூலகச் சேவை. கல்லூரி சந்தா கட்டுகிறது. மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் வீட்டிலிருந்தே செல்போனில் படிக்கலாம். ஆனால் பலருக்குக் கடவுச்சொல்லே போய்ச் சேரவில்லை. 'வசதி உண்டா' என்று மட்டும் கேட்டிருந்தால் எல்லோரும் உண்டு என்று டிக் அடித்திருப்பார்கள். 'கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்' என்று கேட்கச் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி.

கல்லூரி முதல்வரிடம் பேசினோம். இனி மதிய இடைவேளையிலும் புத்தகம் எடுக்கலாம். முதலாமாண்டு வகுப்புகளுக்கே போய் என்-லிஸ்ட் கணக்கு தொடங்கிக் கொடுக்கிறோம். மாலை நேர நீட்டிப்பு இன்னும் முடிவாகவில்லை. திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்கிறேன்.